ஓடாத ரதமும் ஓட்டுனர் மேல் பழியும்

ஃபார்முலா ஒன் பேச்சு வந்தாலே நம்மாட்களிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "நரேனும் சரி, கருணும் சரி, கடைசியிலதானே வந்தாங்க? ஓட்டத் தெரியலைப்பா!" சோழவரம், இருங்காட்டுக்கோட்டை என்று இரண்டு ரேஸ் டிராக்குகளை வைத்திருந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்தப் பக்கத்து மக்களே இப்படிப் பேசுவதுதான் கொடுமை. காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா?

2010-ல் நடந்ததைப் பார்ப்போம். ஸ்பெயினின் ஹிஸ்பானியா அணி பணமில்லாமல் தள்ளாடி, சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது கைமாறியது. இத்தாலியின் டல்லாரா நிறுவனம் வடிவமைத்த எஃப்110 காரை மார்ச் 4-ல் அறிமுகப்படுத்தினார்கள். மார்ச் 14-ல் பஹ்ரைன் ரேஸ். நடுவில் ஒரு டெஸ்ட் கூட கிடையாது. சென்னைக்காரர் கருண் சந்தோக் அந்தக் காரை முதன்முதலாக டிராக்கில் ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான்! பரீட்சை ஹாலில் வைத்துப் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்த கதை. ரேஸில் ஒரே சுற்றோடு ஆட்டம் முடிந்தது.

இன்ஜின் மேல் பழி போட முடியுமா? முடியாது. அதே காஸ்வொர்த் இன்ஜினை வைத்துத்தான் வில்லியம்ஸ் அணி அந்த வருடம் ஆறாவது இடம் பிடித்தது. கோளாறு காரின் வடிவமைப்பில்.

புதுக் காரில் கோளாறு இருப்பது குற்றமில்லை. 2009-ல் மெக்லாரன் காரும் மட்டமாகத்தான் இருந்தது. சீசன் நடுவில் டெஸ்ட் செய்யத் தடை அவர்களுக்கும்தான். ஆனாலும் வாராவாரம் திருத்தினார்கள், ஜூலையில் ஹாமில்டன் ஹங்கேரியில் ஜெயித்தார். ஹிஸ்பானியா என்ன செய்தது? மே மாதமே டல்லாராவோடு உறவை முறித்துக்கொண்டது. அப்புறம் யார் திருத்துவது? மாமல்லபுரத்து ரதங்கள் ஒற்றைப் பாறை. உளி தவறினால் ஒட்டவைக்க முடியாது. ரேஸ் கார் அப்படியா? தினம் தினம் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். இவர்கள் அதைக் கல் ரதமாகவே நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் மாற்றியது எதை? ஆளை! மலேசியாவில் கருண் 15, சக ஓட்டுனர் புரூனோ சென்னா 16. அப்படியும் பிரிட்டிஷ் ரேஸுக்குப் பிறகு கருண் சீட்டில் யமமோட்டோ. 2011-ல் நரேன் கார்த்திகேயன் வந்தார். ஆஸ்திரேலியாவில் 107 சதவீத விதியைத் தாண்டமுடியாமல் இரண்டு கார்களுமே ரேஸுக்குத் தகுதி பெறவில்லை. இன்னொரு காரில் இருந்தவர் லியூட்ஸி. முந்தைய வருடம் ஃபோர்ஸ் இந்தியா காரில் 21 புள்ளி எடுத்த அதே லியூட்ஸி! ஒரே வருடத்தில் அவரும் ஓட்ட மறந்துவிட்டாரா? ஆனால் சீசன் பாதியில் சீட்டை இழந்தவர் நரேன். 2012-ன் முடிவில் கடையையே மூடினார்கள். மூன்று வருடத்தில் மொத்தப் புள்ளி பூஜ்யம்.

ஆளை மாற்றுவது சுலபம். டிசைனைத் திருத்தப் பணம் வேண்டும், தவறை ஒத்துக்கொள்ளும் மனசும் வேண்டும். இரண்டும் இல்லாத முதலாளியை விட்டுவிட்டு, உயிரைப் பணயம் வைத்து அந்தக் காரில் உட்கார்ந்தவனைக் கிண்டலடிப்பது என்ன நியாயம்?

இருங்காட்டுக்கோட்டையில் இன்றும் பையன்கள் ஓட்டிப் பழகுகிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவன் மேலே போனால், எத்தனையாவது வந்தான் என்று மட்டும் கேட்காதீர்கள். அதே அணியின் இன்னொரு கார் எத்தனையாவது வந்தது என்றும் கேளுங்கள்.