பட்டறைச் சத்தத்துக்கு நடுவே ஒரு பாட்டு

பெங்களூருவின் பீன்யா தொழிற்பகுதியில் பகல் நேரத்தில் பாட்டுப் பதிவு செய்வது எளிதல்ல. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புகளுக்குப் பகலில் 55 டெசிபல் என்கின்றன. தொழிற்பகுதிக்கோ 75 வரை அனுமதி. லேத் பட்டறைகளும் லாரிகளும் சூழ்ந்த அறையில், தானே எழுதி, மெட்டமைத்து, பாட நினைப்பவர் முதலில் ஃபோம் வாங்க ஓடுகிறார். அது அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது.

அதற்கு ஜன்னல் இடுக்குகளை அடைக்கலாம். டைனமிக் மைக்கை வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்து, அதன் பின்புறத்தைச் சத்தம் வரும் பக்கம் திருப்பலாம். மோட்டார் உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். நல்ல குரல் பதிவு இதிலேயே கிடைக்கும்.

ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன், கோடம்பாக்கத்தில் வீட்டோடு எழுந்த ஸ்டுடியோதான். 1992-ல் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. அந்த வசதியும் இல்லாமல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூஜெர்சி வீட்டில் நாலு டிராக் கேசட் கருவியில் தன் பாடல்களைத் தனியாகப் பதிவு செய்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தும், 1982-ல் 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளிவந்தது அந்த வீட்டுப் பதிவே.

கருவியைவிடக் கவலைப்பட வேண்டியது உரிமையைப் பற்றி. தனியாக உருவாக்கியவருக்கே வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் சொந்தம். அவசர ஒப்பந்தத்தில் ஒலிப்பதிவை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராவதும் மறக்கக் கூடாத வேலை.