ஜாதிக் குதிரையின் சாட்சியம்

"ரேஸ் குதிரை வாங்குறவனே அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு புஸ்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் துட்டை எண்ணி வைக்கிறான். பொண்ணு குடுக்குற நாம பாக்கக் கூடாதா?"

சொன்னவர் என் பெரியப்பா. இடம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடம். கூடத்தில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருக்கும், மிச்சப் பாதியில்தான் எங்கள் குடும்பத்தின் எல்லாப் பஞ்சாயத்தும் நடக்கும். அன்றைய பஞ்சாயத்து என் தங்கையைப் பற்றி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அதே கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டாள். அவர் வேறு ஜாதி. எந்த ஜாதி, நாங்கள் எந்த ஜாதி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மிச்சக் கட்டுரையை யாரும் படிக்க மாட்டீர்கள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியவர் அவர்தான். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர், ரேஸ் நாள் வந்தால் மட்டும் பாவை அப்படியே விட்டுவிட்டுக் கிண்டிக்கு பஸ் ஏறிவிடுவார். பெரியம்மாவின் செயின் அடகுக் கடைக்குப் போன கணக்கு தெருவுக்கே தெரியும். குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமையின் ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, தானே வாதாடி ஜெயித்த மாதிரி இன்றைக்கும் சொல்லுவார். 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்துக்கு அரசாங்கம் சீல் வைத்த அன்று அவர் ராத்திரி சாப்பிடவில்லை.

அதனால் அவருக்கு 'ஜாதிக் குதிரை' என்பது ஏதோ மேடைப் பேச்சு உவமை இல்லை. தரோபிரெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் ஊரில் புழங்கும் பெயரே அதுதான். அவருக்குப் பிடித்த உதாரணம் ரஸீன். அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் ஓடி, ஹரியானாவில் உஷா ஸ்டட் ஃபார்முக்கு வந்து சேர்ந்த பொலிகுதிரை. 1990 எப்சம் டெர்பியில் அதன் மேல்தான் அதிகப் பேர் பணம் கட்டியிருந்தார்கள். பின்வரிசையில் வந்து கவிழ்த்துவிட்டது. ஆனால் இந்தியாவுக்கு வந்தபிறகு அதன் குட்டிகள் டெர்பி டெர்பியாக ஜெயித்தன, பல வருஷம் நாட்டின் முதல் பொலிகுதிரை அதுதான். "ஓடத் தெரியாத குதிரைக்கு ஓடுற குட்டி எப்படிம்மா பொறந்துது? ரத்தம்! அதோட அப்பன் நார்தர்ன் டான்சர்!" என்பார்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா கண்ணைக் காட்டினாள், எழுந்து போய்விட்டேன். அதற்குப்பிறகு மூன்று மாதம், வேலை நேரம் போக, அவருடைய குதிரையின் ஜாதகத்தைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா, நீங்கள் கூண்டில் ஏற்றிய சாட்சி உங்களுக்கு எதிராகப் பேசுகிறது.

நார்தர்ன் டான்சரிலிருந்தே தொடங்கலாம். 1961-இல் கனடாவில் பிறந்த குட்டைக் குதிரை. ஒரு வயதில் 25,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தார்கள், வாங்க ஆளில்லை. அத்தனை பரம்பரையும் புத்தகத்தில் அச்சாகித்தான் இருந்தது, பார்த்தவர்களும் பரம்பரை படிக்கத் தெரிந்தவர்கள்தான். 1964-இல் அது கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிஷத்தில் ஓடி முடித்தபிறகுதான் அந்த ரத்தத்துக்கு விலை வந்தது. ஓட்டம் முதலில், ரத்தத்தின் பெருமை அப்புறம். இந்த வரிசையை மாற்றிப்போட்டுத்தான் நீங்கள் கதை சொல்கிறீர்கள்.

விலை வந்தபிறகு என்ன ஆனது? 1983-இல் அதே நார்தர்ன் டான்சரின் ஒரு வயதுக் குட்டியை 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பெயர் ஸ்னாஃபி டான்சர். அதுவரை உலகத்தில் எந்தக் குட்டியும் அந்த விலைக்குப் போனதில்லை. அது ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை, பயிற்சியிலேயே அவ்வளவு மந்தம். சரி, ரத்தம் இருக்கிறதே என்று பொலிக்கு விட்டார்கள். அதுவும் சரிவரவில்லை, மொத்தமே நாலு குட்டி. ரஸீனுக்கும் இதற்கும் அப்பன் ஒன்றுதான். ரஸீனைச் சொல்லும் வாய் ஸ்னாஃபி டான்சரைச் சொல்வதில்லை. நம் வீட்டில்கூட கலெக்டர் ஆன மாமாவைச் சொல்லுவார்கள், குடித்தே செத்த மாமாவைச் சொல்ல மாட்டார்கள்.

ரஸீனின் குட்டிகள் ஜெயித்தது பொய் இல்லை. பரம்பரைக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொன்னால் அது முட்டாள்தனம். ஆனால் பேர்போன பொலிகுதிரையிடம் நாட்டிலேயே நல்ல பெண் குதிரைகளைத்தான் அனுப்புவார்கள். பிறக்கும் குட்டிக்கு நல்ல புல், நல்ல டாக்டர், நல்ல டிரெயினர், நல்ல ஜாக்கி. அப்புறம் 'ரத்தம்' என்பார்கள். இதற்குமேல் ஒன்று இருக்கிறது. குதிரை வளர்ப்பில் தலைமுறைக்குத் தலைமுறை பரீட்சை உண்டு. குட்டிகள் தோற்றுக்கொண்டே இருந்தால் அந்தப் பொலிகுதிரையிடம் ஆள் வருவது நின்றுவிடும், தேறாத ஆண் குட்டிக்குக் காயடித்துவிடுவார்கள். நம் ஜாதியில் எந்தப் பரீட்சை, பெரியப்பா? யார் எந்தப் பந்தயத்தில் ஓடி இந்த இடத்தைப் பிடித்தார்கள்? ரத்தமே எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்றால் கிண்டியில் குதிரையை ஓடவிட வேண்டிய அவசியமே இல்லை. புத்தகத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்துவிடலாம்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருவோம். ஜெனரல் ஸ்டட் புக் என்று பெயர். இங்கிலாந்தில் 1790-களில் தொடங்கிய வம்சப் பதிவேடு. உலகத்தில் எங்கே ஜாதிக் குதிரை இருந்தாலும் அதன் கொடி கடைசியில் இங்கேதான் போய்ச் சேரும்.

1880-இல் எப்சம் டெர்பியை பெண்ட் ஓர் என்ற குதிரை ஜெயித்தது. முதலாளி வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு. பந்தயம் முடிந்தபிறகு ஒரு புகார் வந்தது: ஓடியது பெண்ட் ஓரே இல்லை, அதே லாயத்தில் வளர்ந்த டாட்காஸ்டர் என்ற இன்னொரு குதிரை, குட்டியாக இருக்கும்போதே இரண்டும் மாறிவிட்டன. இதைச் சொன்னவர் அந்தப் பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு வேலையை விட்டு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் ஆர்னல். பிறந்த நாளிலிருந்து குட்டிகளைத் தொட்டு வளர்த்தவர். விசாரணை நடந்தது. ஒரு பக்கம் பிரபுவின் பதிவேடு, இன்னொரு பக்கம் வேலையிழந்த லாயக்காரரின் கண். எது ஜெயித்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பெண்ட் ஓரின் எலும்புக்கூடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்து தாய்வழி மரபணுவை எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பதிவேட்டில் பெண்ட் ஓருக்குத் தாயாக எழுதப்பட்ட ரூஜ் ரோஸின் வழியோடு அது பொருந்தவில்லை. டாட்காஸ்டரின் தாய் கிளெமென்ஸின் வழியோடு பொருந்தியது. லாயக்காரர் சொன்னதுதான் சரி.

அந்தக் குதிரை சாதாரணமானது இல்லை. பெண்ட் ஓரின் மகன், மகனின் மகன் என்று இறங்கிக்கொண்டே வந்தால் ஃபாலரிஸ், நியார்கோ, அதற்குப்பிறகு நார்தர்ன் டான்சர், ரஸீன். கிண்டியில் உங்கள் துட்டைத் தின்ற குதிரைகளில் முக்கால்வாசிக்கு மேல் அந்த வழியாகத்தான் இருக்கும். சுத்தம் என்று நீங்கள் புரட்டிய ரேஸ் புக் ஒவ்வொன்றுக்கும் அடியில் 130 வருஷப் பொய் ஒன்று கிடக்கிறது. இரண்டு குட்டிக்கும் அப்பன் ஒன்றுதான், டாங்காஸ்டர் என்ற குதிரை. அப்பன் பெயர் சரியாக இருந்தது, மாறியது ஆத்தா மட்டும். ஆத்தா மாறியும் அத்தனை வருஷம் ஒரு குதிரையும் நொண்டவில்லை.

சுத்தம் காக்கச் சட்டம் போட்ட கதையும் உண்டு. 1913-இல் ஜெர்சி பிரபுவின் பெயரால் ஒரு விதி வந்தது. எல்லா முன்னோரும் ஏற்கெனவே ஸ்டட் புக்கில் இருந்தால்தான் புதுக் குதிரைக்கு அதில் இடம். அமெரிக்கக் குதிரைகளை வெளியே நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. அங்கே சூதாட்டத் தடைச் சட்டத்தால் பந்தயங்கள் நின்றுபோய், குதிரைகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு வந்து விலையைக் கெடுத்துக்கொண்டிருந்தன. குறிப்பாக லெக்ஸிங்டன் என்ற மகா பொலிகுதிரையின் ரத்தம் ஓடும் குதிரைகளுக்கெல்லாம் 'அரைஜாதி' என்று முத்திரை. ரத்தத்தின் பேரைச் சொல்லிக் கல்லாவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மறுவருஷமே, 1914-இல், டர்பார் என்ற பிரெஞ்சு 'அரைஜாதி' எப்சம் டெர்பியை ஜெயித்தது. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை. அரைஜாதிகள் வந்து வந்து ஜெயித்து மானத்தை வாங்கியபிறகு, 1949-இல்தான் விதியைத் தளர்த்தினார்கள்.

நார்தர்ன் டான்சரின் தாய்வழித் தாத்தா நேட்டிவ் டான்சர். அதன் உடம்பில் ஓடியது லெக்ஸிங்டனின் ரத்தம். ஜெர்சி விதி அப்படியே இருந்திருந்தால் நார்தர்ன் டான்சர் அரைஜாதி. 1970-இல் இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருஷத்தில் ஜெயித்த அதன் மகன் நிஜின்ஸ்கி அரைஜாதி. அதற்குப்பிறகு இன்றுவரை வேறெந்தக் குதிரையும் அங்கே அதைச் செய்யவில்லை. நம்ம ரஸீனும் அரைஜாதிதான், பெரியப்பா.

ஆதிக்கே போனாலும் இதே கதைதான். இன்றைய ஜாதிக் குதிரைகளின் ஆண்வழியில் 95 சதவீதம் ஒற்றைக் குதிரையிடம் போய் முடிகிறது என்று 2001-இல் டப்ளினில் ஒரு ஆய்வு சொன்னது. 1704 வாக்கில் சிரியாவின் அலெப்போவில் வாங்கப்பட்ட டார்லி அரேபியன் அது. வெளிநாட்டு ஆண், உள்ளூர்ப் பெண். இந்தக் கலப்பில் பிறந்ததற்கு வைத்த பெயர்தான் 'சுத்தமாக வளர்க்கப்பட்டது'. அந்த உள்ளூர்ப் பெண் குதிரைகள் பலவற்றுக்குப் பெயர்கூட எழுதவில்லை.

நம் ஊரும் இதில் சேர்த்தி. வரதராஜ பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அவற்றுக்கு மாடலாக நின்ற மாதிரிக் குதிரைகள் கடல்வழியாக அரபு நாட்டிலிருந்து வந்தவை. இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் நம் தறியையே பாருங்கள். கடைக்காரர் வாய்க்கு வாய் "ப்யூர் காஞ்சிப் பட்டு" என்பார். ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. பட்டு நூல் கர்நாடகாவிலிருந்து வருகிறது. அந்த நூலைக் கக்கும் புழு? அங்கே பெரும்பாலும் வளர்ப்பது கலப்பினம். மைசூர்ப் புழுவையும் வெளிநாட்டு வம்சத்துப் புழுவையும் சேர்த்து எடுத்த முட்டை. ஒரே வம்சத்தில் எடுத்தால் கூடு சின்னதாகும், நூல் குறையும் என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். நாற்பது வருஷமாக உங்கள் கையில் ஓடியது கலப்புக் கல்யாணத்தின் நூல்.

இதையெல்லாம் தகவலாகச் சொல்லிவிடலாம். எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது வேறு. ஸ்டட் ஃபார்மில் பொலி எப்படி நடக்கும் என்று படித்தேன். ஜாதிக் குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டல் கூடாது, நேரடியாகச் சேர்ந்தால்தான் குட்டிக்குப் பதிவு. முதலில் விலைபோகாத ஓர் ஆண் குதிரையைக் கொண்டுவந்து முகர விடுவார்கள், பெண் குதிரை தயாரா என்று பார்க்க. தயார் என்றால் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண் குதிரை உதைத்து விலையுயர்ந்த பொலிகுதிரைக்கு அடிபட்டுவிடக் கூடாதென்று அதன் பின்னங்காலில் மெத்தென்ற உறை மாட்டுவார்கள். அசையாமல் நிற்க, தேவைப்பட்டால் மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடிப்பார்கள். சுற்றி நாலைந்து ஆட்கள்.

பொண்ணு கொடுப்பதற்குக் குதிரையை உதாரணம் சொன்னீர்களே, பெரியப்பா, அந்த உதாரணத்தில் என் தங்கை எங்கே நிற்கிறாள்? நான் எங்கே நிற்கிறேன்? உதட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாலு பேர் யார்? எனக்கு நீங்கள் பார்த்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டேன், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் கூடத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது இதைப் படித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

'சும்மா பேச்சுக்குச் சொன்னது' என்பீர்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் பக்கத்தில், பட்டப்பகலில், மனைவியோடு நடந்து வந்த சங்கரை வெட்டிக் கொன்றார்கள். நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். நீங்கள்தான் சேனலை மாற்றச் சொன்னீர்கள், பார்க்க முடியவில்லை என்று. அரிவாளைத் தூக்குகிறவனும் எங்கோ ஒரு கூடத்தில் இப்படி ஒரு குதிரைக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பான்.

இந்தக் கட்டுரையை பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பெண்ட் ஓர் கதை வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த லாயக்காரன் அப்பவே சொன்னானா?" என்று இரண்டு தடவை கேட்டார். உடுமலைப்பேட்டை வந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப்பிறகு பேசவில்லை.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, முப்பது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். நான் ஒன்று, அவர் பக்கத்தில் ஒரு நண்பர். மூன்றாவது ஆளாக யாரையும் இன்னும் கேட்கவில்லை, பெரியப்பா.