நன்றித் திருநாளும் ஒரு குழந்தையின் வினாவும்

அமெரிக்காவிலே, மசாசூசெற்ஸ் மாநிலத்தில், என் தமக்கையார் குடும்பம் வாழ்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத்தில் அங்கே சென்றிருந்தேன். அந்நாட்டார் அம்மாதத்து நான்காம் வியாழக்கிழமையை நன்றி கூறும் நாளாகக் கொண்டாடுவர். அதனை வீட்டு விழா என்றே சொல்லவேண்டும். எங்கெங்கோ தொழில் புரியும் மக்கள் பெற்றோர் இல்லம் மீண்டு, ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து உண்பதே அதன் உயிர்நிலை.

அந்நாள் நாடு முழுவதற்கும் பொதுவானதற்கு ஒரு மாதர் சஞ்சிகையின் ஆசிரியையே பெருங் காரணர் என்பது குடும்பப் பகுதி வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். மேரியின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஆங்கிலப் பாலர் பாடலை இயற்றிய சாரா ஹேல் அம்மையாரே அவர். பல்லாண்டுகள் எழுதி எழுதி வற்புறுத்தினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 இல் ஜனாதிபதி லிங்கன் நாள் குறித்துப் பிரகடனம் செய்தார். இன்றைய நான்காம் வியாழன் 1941 இல் சட்டமாயிற்று.

விருந்துக்கு வான்கோழி இன்றியமையாதது. தமக்கையார் வீடு சைவ உணவு வீடாதலின் அப்பறவை கடதாசியில் மாத்திரமே இடம்பெற்றது. குழந்தை தன் கையைக் கடதாசியில் விரித்து வைக்க, விரல்களைச் சுற்றிப் பென்சிலாற் கோடிழுப்பார்கள். பெருவிரல் வான்கோழியின் தலை. ஏனைய நான்கும் இறகுகள். இறகு ஒவ்வொன்றிலும் நன்றிக்குரிய ஒன்றை எழுதவேண்டும். ஐந்து வயது மருமகள் அம்மா, அப்பா, பூனை என்று மூன்றை விரைவிற் சொல்லிவிட்டு, நான்காவதற்கு நெடுநேரம் யோசித்து, "கடதாசி" என்றாள். எல்லாரும் நகைத்தனர். எனக்கோ அது நல்ல விடையாகவே பட்டது. நாடு, சுதந்திரம் என்று நாம் சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் ஒப்புவித்திருப்பாள், அவ்வளவே. இருபது வருடமாக ஒப்புவித்தலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான்.

எட்டு வயது மருமகன் பாடசாலையிற் கேட்ட கதையைக் கூறினான். 1620 இல் மேபிளவர் என்னுங் கப்பலில் 102 பேர் வந்தனர்; முதற் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். வசந்தத்தில் திஸ்குவாண்டம் என்னும் சுதேசி, மீனை உரமாக இட்டுச் சோளம் நடக் கற்பித்தான். 1621 அறுவடைக்குப் பின் வாம்பனோவாக் மக்களின் தலைவன் மசசொயிற் ஏறக்குறையத் தொண்ணூறு பேரோடு வந்து, ஐந்து மான்களும் கொடுத்து, மூன்று நாள் விருந்துண்டான். இவ்வளவுஞ் சொல்லிவிட்டுப் பையன் கேட்டான்:

"மாமா, சோளம் நடக் காட்டித் தந்த ஆக்கள் இப்ப எங்கை?"

தமக்கையார் கண்ணாற் சாடை காட்டினார். நான் வாய்மூடி இருந்தேன். வரலாறு கற்பிப்பவனுக்கு இது வெட்கமான நிலை. விருந்துண்டு 54 ஆண்டுகளுள் இரு சாராருக்கும் போர் மூண்டது. மசசொயிற்றின் மகன் மெற்றாகொம் 1676 இற் கொல்லப்பட்டான். அவன் தலை பிளிமத்திலேயே கழுவில் வைக்கப்பட்டது. அவனுடைய சிறுமகன், விருந்துண்டவனின் பேரன், அடிமையாக விற்கப்பட்டான். இதனை எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு சொல்வது?

குசினியில் தமக்கையார், "தம்பி, நல்ல நாளும் அதுவுமாய்ப் பிள்ளையளின்ரை மனத்தைக் குழப்பாதை" என்றார்.

"குழப்பேல்லை அக்கா. ஆனால் பொய் சொல்லச் சொல்லாதையுங்கோ."

"பொய் சொல்லச் சொன்னனானே? எல்லாத்தையும் ஒரே நாளிலை சொல்லவேணுமெண்டில்லை."

அவர் சொன்னது நியாயம் என்றே தோன்றிற்று. ஆகவே தலையையும் அடிமைச் சிறுவனையும் விட்டுவிட்டேன். அவற்றை அவன் வளர்ந்தபின் படிப்பான். திஸ்குவாண்டத்தின் கதையை மாத்திரம் முழுவதும் சொன்னேன். 1614 இல் ஓர் ஆங்கிலக் கப்பற்றலைவன் அவனைக் கவர்ந்து, ஸ்பானியாவுக்கு விற்கக் கொண்டுசென்றான். ஐந்தாண்டின் பின் அவன் ஊர் மீண்டபோது, கொள்ளை நோயால் ஊரார் அனைவரும் இறந்து, வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. பிளிமத் குடியேற்றம் எழுந்தது அந்த ஊர் நிலத்திலேதான். தன் சுற்றத்தார் சோளம் விளைத்த மண்ணிலேயே அந்நியருக்கு அவன் நடக் காட்டினான்.

"அவன்ரை ஆக்களின்ரை நிலம் பிறகு சண்டையிலை பறிபோட்டுது. ஆனால் வாம்பனோவாக் ஆக்கள் இப்பவும் இருக்கினம். பிளிமத்திலையிருந்து கார் ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குள்ளை மாஷ்பீ எண்ட ஊர் வரும். அங்கையும் இருக்கினம். 1970 இலையிருந்து இதே வியாழக்கிழமை பிளிமத் குன்றிலை கூடித் துக்கம் கொண்டாடுகினம்" என்றேன்.

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான்."

பையன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய நான்கு இறகுகளும் நிரம்பியிருந்தன. பெருவிரலில், வான்கோழியின் அலகுக்குக் கீழே, நெருக்கி எழுதத் தொடங்கினான். திஸ்குவாண்டம் என்ற பெயருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லி என்னை இருமுறை கேட்டான். தங்கை எட்டிப் பார்த்து, "அவர் சாப்பிட வருவாரோ?" என்றாள்.

தமக்கையார் சோறு ஆறுகின்றதென்று மூன்றாம் முறையாக அழைத்தார்.