நேரலையைக் கேட்டுப் பார்ப்பவர் யார்?



நேரலை இல்லாத ஆலயம் இன்று நம் மாவட்டத்தில் அரிது. 2020-இல் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது அவசரத் தேவைக்காகத் தொடங்கியது, இப்போது ஆராதனையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கேமரா, மிக்சர், அகன்ற திரை என்று வாங்கிச் சேர்க்கும் சபைகளில் ஒரு வேலைக்கு மட்டும் ஆள் நியமிக்கப்படுவதில்லை: வீடுகளுக்குப் போய்ச் சேரும் ஒலியைக் கேட்டுப் பார்க்கும் வேலை. புதிய கேமராவுக்கு முன்பாக அந்த ஆளே தேவை என்பது என் கருத்து.

வானொலிக்காரர் இதை நன்கு அறிவர். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நம் நாகர்கோவிலில்தான் தொடங்கிற்று. அகில இந்திய வானொலி நிலையங்களில் பணிநேர அலுவலர் ஒருவர் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டேயிருந்து, தடங்கலையும் பிழையையும் நேரங் குறித்துப் பதிவேட்டில் எழுதுவார். ஸ்டுடியோவை விட்டுப் புறப்படும் ஒலியைக் கேட்டால் மட்டும் போதாது. கோபுரத்திலிருந்து காற்றில் வருவதைச் சாதாரண வானொலிப் பெட்டியில் வாங்கிக் கேட்பதே மெய்யான சோதனை. இன்று சில நொடிகள் ஒலி அற்றுப்போனாலே எச்சரிக்கை எழுப்பும் கருவிகளும் வந்துவிட்டன.

நம்மில் மூத்தவர்களுக்கு ஃபெபா வானொலி நினைவிருக்கும். 1970 முதல் 2003 வரை சேஷல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி நற்செய்தி வந்தது. சிற்றலை நிலையங்களுக்குத் தொலைவிலிருந்த நேயர்களே கண்காணிப்பாளர்கள். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏறியிறங்கும் அலைவு, மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் இட்டு அஞ்சலில் அனுப்புவார்கள். நிலையமோ நன்றி கூறி உறுதிப்படுத்தும் அட்டையை அனுப்பிவைக்கும்.

இன்று நாம் பார்ப்பதோ பார்வையாளர் எண்ணிக்கையை! கைபேசி திறந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. அங்கே பிரசங்கம் விளங்கிற்றா என்பது அதற்குத் தெரியாது.

ஆலயத்திற்குள் நின்று மிக்சரை இயக்கும் தம்பிக்கும் அது தெரிய வழியில்லை. அவர் காதில் ஒலிபெருக்கியும், சபையார் பாடும் குரலும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் ஒன்றாய் விழுகின்றன. எல்லாம் நிறைவாய்த் தோன்றும. நேரலையிலோ மிக்சருக்குள் நுழைந்தது மட்டுமே செல்லும். கீபோர்டு நேரே கம்பி வழியாய்ச் செல்வதால் ஓங்கி ஒலிக்கும். முந்நூறு பேர் பாடினாலும் அவர்களுக்கென்று மைக் இல்லாததால் வீட்டிலிருப்பவருக்கு வெற்று மண்டபத்தில் ஒருவர் தனியே பாடுவதுபோல் கேட்கும். பரிகாரம் பெரிதல்ல. சபையை நோக்கி ஒரு மைக். நேரலைக்கெனத் தனி ஒலிக்கலவை. ஆலயத்திற்கு வெளியே, ஹெட்போனும் எளிய கைபேசியுமாய் அமர்ந்து கேட்க ஒருவர்.

1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் இதையே வேறொரு காரியத்தைக் குறித்து எழுதுகிறார். விளங்காத பேச்சு காற்றோடு பேசுவதற்கு ஒப்பானது என்கிறார். பேசுகிறவர் நன்றாய் ஸ்தோத்திரம் பண்ணினாலும், விளங்காதவர் எப்படி ஆமென் சொல்லுவார் என்றும் கேட்கிறார். ஒலிபரப்பின் தரத்தை அளக்க ஆமெனைக் காட்டிலும் நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கீரிப்பாறையில் இது வீண் வாதமல்ல. ரப்பர் தோட்டங்களுக்கும் மலைக்கும் நடுவே சிக்னல் வருவதும் போவதுமாய் இருக்கிறது. பல ஆண்டுகள் பால் வெட்டி முழங்கால் தேய்ந்து வீட்டோடு கிடக்கும் தாய்மாருக்கு ஞாயிறு ஆராதனை அந்தச் சிறு திரையில்தான். உயர்தரப் படத்திற்கு நொடிக்குச் சில மெகாபிட் வேண்டும். தெளிவான பேச்சுக்கு 64 கிலோபிட் போதும். படம் உறைந்தாலும் வார்த்தை அறுபடக் கூடாது. ஆகவே ஒலியை மட்டும் தனியே அனுப்பும் வழியையும் சபைகள் வைத்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து கேட்கிறவர்களே, பழைய நேயர்களைப்போல் நீங்களும் திங்கட்கிழமைதோறும் எழுதுங்கள். எழுத இயலாத பாட்டிக்காகப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். "நன்றாயிருந்தது, ஐயர்" என்று மட்டும் எழுத வேண்டாம். எந்த நிமிடத்தில் ஒலி அறுந்தது, எந்த வசனம் கேட்காமற் போனது என்று எழுதுங்கள்.