பேச்சு வருது... பேசத் தெரியலையே!

"மாமாவுக்குப் பயப்படுத மாதிரி ஒண்ணுமில்ல. இடது கையும் காலும்தான் வரமாட்டேங்குது. பேச்சு நல்லா வருது. அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்திட்டு!"

இளையரசனேந்தலிலிருந்து அத்தை போனில் இப்படிச் சொன்னதும், எங்கள் வீட்டில் எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விட்டோம். பக்கவாதம் என்றதுமே நாம் கேட்கிற முதல் கேள்வி, 'பேச்சு இருக்கா?' என்பதுதானே!

அந்த நிம்மதி எவ்வளவு அவசரப்பட்டது என்று எங்களுக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கிற கரிசல் ஊர் அது. அந்தப் பக்கத்துப் பேச்சில் சொலவடையும் எகத்தாளமும் கலந்தே வரும். மாமா அதில் மன்னன். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் சுற்றிலும் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவரோ வேறு ஆள். வார்த்தை சுத்தமாக வந்தது. ஆனால் ரேடியோவில் விலை நிலவரம் வாசிக்கிற மாதிரி ஒரே சுருதி. துக்க வீட்டில், அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் உளுந்து விலை விசாரித்தார். அத்தை கடுப்பாகி, "நல்லாத்தான் இருக்கு, நீங்க செய்யுத காரியம்!" என்றால், "அப்படியா, சரி" என்று திருப்திப்பட்டுக்கொண்டார். மகள் ஊருக்குக் கிளம்பும்போது, "வரட்டுமாப்பா?" என்றாள். "இங்கதான நிக்கே, எங்கேருந்து வரணும்?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவள் பஸ்சில் அழுதுகொண்டே போனாள்.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? பந்தியில் எல்லோர் முன்னாலும் என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று, எட்டு மாதம் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. 'சீக்கு வந்ததும் திமிரும் வந்துட்டு' என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அப்புறம்தான் வேறொரு நரம்பியல் டாக்டர் பழைய ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அடைப்பு வலது மூளையில். குணம் மாறின மாதிரி தெரியும்னு யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.

வலது மூளைக்கு என்ன வேலை?

1861-ல் பாரிஸில் டாக்டர் பால் புரோக்கா, மூளையின் இடது முன்பகுதி கெட்டால் பேச்சு போகிறது என்று எடுத்துக்காட்டினார். 1874-ல் ஜெர்மனியின் வெர்னிக்கே, சொல்வதைப் புரிந்துகொள்ளும் இடத்தையும் இடது பக்கமே காட்டினார். அன்றிலிருந்து 'பேச்சு என்றால் இடது மூளை' என்று ஆகிவிட்டது. சொல்லுக்கும் இலக்கணத்துக்கும் பெரும்பாலானவர்களுக்கு அது சரிதான்.

ஆனால், சொல் மட்டுமா பேச்சு? 'ஏன்' என்ற ஒரே வார்த்தையைக் கொஞ்சலாகவும் கேட்கலாம், அதட்டலாகவும் கேட்கலாம். 1979-ல் ராஸ், மெசுலம் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், வலது மூளை பாதித்த ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு மனசுக்குள் கோபம் வரும், குரலில் ஏறாது. அதனால் வகுப்பை அடக்க முடியாமல் தவித்தார்! பாஸ்டனில் பிரவுனெல், கார்ட்னர் குழுவினர் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஜோக்கின் முதல் பாதியைச் சொல்லி, முடிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஜோக் என்றால் கடைசியில் திடீரென்று ஏதாவது வரவேண்டும் என்பது வலது மூளை பாதித்தவர்களுக்குத் தெரிந்தது. அது முன்கதையோடு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

இந்த விஷயம் நம் தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுதான். நன்னூலில் விடை எட்டு வகை. 'இது' என்று சுட்டுவதும், 'மாட்டேன்' என்று மறுப்பதும், 'சரி' என்று ஒப்புவதும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் சுற்றி வளைத்து வருபவை. 'விளையாட வரலையா?' என்றால் 'கால் வலிக்குது' என்போமே, அது 'உற்றது உரைத்தல்'. பதிலில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது, ஆனாலும் புரிந்துவிடுகிறது. அப்படிப் புரியவைப்பதில் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. 'வரட்டுமா?' என்றால் 'கிளம்புகிறேன்' என்று அர்த்தம் எடுத்துக்கொள்வதும் அப்படித்தான்.

என் வருத்தம் இதுதான். பக்கவாதத்தின் கடுமையை அளக்க உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு. மொத்தம் 42 மார்க். அதில் 7 மார்க் மொழியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வலது மூளை கெட்டால் அதிகம் வருகிற, 'இடது பக்கத்தைக் கவனிக்காமை'க்கு வெறும் 2 மார்க். குரலின் ஏற்ற இறக்கத்துக்கும், கேலி புரிகிறதா என்பதற்கும் ஒரு மார்க்கும் கிடையாது. உயிரைக் காப்பாற்றும் அவசரத்துக்கு அந்த அளவுகோல் போதும். வீட்டுக்கு அனுப்பும்போதும் அதே கணக்கு போதுமா?

'பேச்சு வந்தாச்சு, கூட்டிட்டுப் போங்க' என்பதோடு இன்னும் ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, 'இவர் பழகும் விதம் மாறலாம்; அது திமிர் இல்லை, நோய்' என்று குடும்பத்திடம் சொன்னால் எத்தனை மனஸ்தாபம் மிச்சமாகும்! 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. அப்படி வருகிறவர், 'கை தூக்க முடியுதா?' என்பதோடு, 'முன்ன மாதிரி பேசிப் பழகறாரா?' என்றும் ஒரு கேள்வி கேட்டால் என்ன?

'எல்லாத்துக்கும் மூளை மேல பழி போடலாமா? சிலர் குணமே அப்படி' என்பீர்கள். நியாயம்தான். வலது பக்கம் பாதித்த எல்லோருக்கும் இப்படி ஆவதும் இல்லை. ஆனால், வாதம் வந்த நாளிலிருந்து குணம் மாறினதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் சண்டை போடாதீர்கள். நரம்பியல் டாக்டரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

* குத்தலும் குறிப்பும் வேண்டாம். 'எனக்குக் கோபமா இருக்கு' என்று வார்த்தையாகவே சொல்லுங்கள்.

* டி.வி.யை அணைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் பேசுங்கள்.

* தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கிறதா? இடது பக்கம் அவர் கவனத்தில் இல்லை. வலது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். டாக்டர் சொல்லாமல் வண்டி ஓட்ட விடாதீர்கள்.

* வலது மூளை அடைப்பில் பேச்சு சரியாக இருக்கலாம். 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று நோயாளியே சாதிக்கலாம். நம்பாதீர்கள்! வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

போன பொங்கலுக்கு இளையரசனேந்தல் போயிருந்தேன். மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். விளக்கமாகச் சொன்னேன். "சரி, சாப்பிடு" என்றார், அதே விலை நிலவரக் குரலில். மகள் கிளம்பும்போது, "அப்பா, நான் ஊருக்குப் போறேன். எனக்குக் கஷ்டமா இருக்கு. 'போயிட்டு வா'னு சொல்லுங்க" என்றாள்.

"போயிட்டு வா" என்றார் மாமா.

சுருதி இல்லைதான். இந்தத் தடவை அவள் அழாமல் பஸ் ஏறினாள்.