காலிப் பாக்கெட் யாருடையது?

கடைவீதியின் முனையிலே ஒரு பூக்காரி. ஒரு முழம் மல்லிகையை அளந்து, மெல்லிய கவர் ஒன்றிலே போட்டு நீட்டுகிறாள். வந்து நிற்கிறார் நகராட்சி அலுவலர். கவர்க் கட்டு பறிமுதலாகிறது. அபராதச் சீட்டு எழுதப்படுகிறது. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது! அவள் தலைக்கு மேலே, பக்கத்துப் பெட்டிக்கடையின் வாயிலிலே, தோரணம் கட்டியதுபோலத் தொங்குகின்றன சரம் சரமாகப் பாக்கெட்டுகள். ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய், சலவைத்தூள். அவற்றை அலுவலர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி இது. காண்பவர் எவரும் கேட்காத கேள்வியை நாம் கேட்கிறோம்: சட்டத்தின் கை பூக்காரியின் கூடைவரை நீளுகிறது, அந்தத் தோரணத்தை எட்டாதது ஏன்?

பிளாஸ்டிக் தடையை நாம் எதிர்க்கிறோம் என்று எவரும் கதை கட்டிவிட வேண்டாம். 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அதை அறிவித்தவர் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. மாற்று முகாமிலிருந்து வந்தது என்பதற்காக நல்லதை அல்லதென்று சொல்லும் வழக்கம் நமக்கில்லை. 14 வகைப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் விலக்கப்பட்டன. பின்னர் 2021 டிசம்பர் 23 அன்று, அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைக் கலைவாணர் அரங்கிலே "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பட்டிக்காட்டான் என்று பழிக்க ஒரு காலத்தில் அடையாளமாயிருந்த பை! திரைப்படத்திலே நகைச்சுவைக்கென்று நடிகரின் கக்கத்தில் செருகிய பை! அது மானத்தோடு மீண்டு வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

மக்கள் பழக்கத்தை மாற்றமாட்டார்கள் என்று சொல்லும் மேதைகள் சிலர் உளர். அவர்களை நாம் ரேஷன் கடைக்கு அழைக்கிறோம். இந்த மாநிலத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள். மாதந்தோறும் அரிசி வாங்க வரிசையில் நிற்கும் தாய்மார்கள் பையோடுதான் நிற்கிறார்கள். அங்கே கவர் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. கொடுக்கவில்லையே என்று குறை கூறியவரையும் நாம் கண்டதில்லை. பழக்கம் செத்துப்போகவில்லை, தோழர்களே! ரேஷன் கடை வாசலில் உயிரோடிருக்கும் அது, அதே தெருவில் நாலு கடை தள்ளியதும் ஏன் மறந்துபோகிறது என்பதுதான் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மறப்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் ஆண்மக்களே. அலுவலகம் விட்டு வரும் வழியில் அரைக் கிலோ தக்காளி வாங்கும் கனவான், கையில் பையிருந்தால் கௌரவம் குறையுமென்று கருதுகிறார். ஓட்டலில் சாம்பாரைக் கவரில் கட்டித் தரச்சொல்கிறார். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் ஊற்றிக் குழந்தைக்குப் பிசைந்து கொடுக்கலாமா என்று அவருக்குத் தோன்றுவதில்லை. வீட்டிலே தூக்குச்சட்டி பரண்மேல் கிடக்கிறது. குப்பையைப் பிரித்து வைப்பதும், பையைத் துவைத்து மடிப்பதும் இல்லத்தரசியின் வேலை. மேடையேறிச் சுற்றுச்சூழல் பேசுவது அவர் வேலை! பெண்ணுரிமை பேசும் இயக்கத்தார் வீட்டிலாவது இந்தப் பங்கீடு மாறட்டும்.

ஆனால், பையும் தூக்கும் எடுத்துப் போனபிறகும் வீட்டுக் குப்பையிலே மிஞ்சுவது எது? அந்தத் தோரணத்திலிருந்து பிய்த்த பாக்கெட்டுகள். பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்று அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உறை அது. ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. ஆகவே காயலான் கடைக்காரர் வாங்குவதில்லை. வாங்காததைக் குப்பை பொறுக்கும் ஏழை குனிந்து எடுப்பதுமில்லை. ஆயிரம் பொறுக்கினாலும் எடை நிற்காது. சாக்கடையை அடைப்பதும், பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மேடாய்க் குவிந்ததும் இத்தகைய எவரும் வேண்டாத சரக்கே. பெருங்குடி மேடு எழுந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த நிலத்தின் ஓரத்திலே, நாட்டின் பெருமையும் நகரின் குப்பையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

அப்படியானால் பாக்கெட் வாங்கும் ஏழை குற்றவாளியா? இல்லை, இல்லவே இல்லை! அன்றாடக் கூலிக்காரி 200 ரூபாய்ப் புட்டிக்கு எங்கே போவாள்? ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அளந்தால் பல வேளைகளில் புட்டியைவிட மலிவாகவே இருக்கிறது. இந்தப் பாக்கெட்டின் பிறப்பிலும் ஒரு நீதி உண்டு. சீமாட்டியின் குளியலறையிலிருந்த ஷாம்பு கூலிக்காரியின் கைக்கும் எட்ட வேண்டும் என்று எண்ணி, அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றவர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அந்த எண்ணத்தை நாம் பழிக்கமாட்டோம். பொருள் எட்டியது நல்லது. காலி உறையை ஏழையின் தெருவிலேயே விட்டுப்போனதுதான் அநீதி.

"கோடிக்கணக்கான காலிப் பாக்கெட்டுகளை எப்படித் திரும்ப எடுப்பது? நடவாத காரியம்!" என்பர் முதலாளிமார். நடந்த காரியமய்யா அது! 1983இல் சின்னி கிருஷ்ணனின் மகன் ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு, சந்தையில் காலூன்ற ஒரு திட்டம் போட்டது. எந்த நிறுவனத்தின் ஷாம்புவானாலும் சரி, 5 காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். வந்து குவிந்தன காலி உறைகள். விற்பனையும் பன்மடங்கு பெருகிற்று. எண்ணிப் பாருங்கள். கணிப்பொறி பரவாத, கைப்பேசி பிறக்காத காலம். விற்பனை வளரும் என்றபோது காலிப் பாக்கெட்டைத் தேடி வாங்க வழியிருந்தது. ஊர் நாறுகிறது என்று சொல்லும்போது மட்டும் வழியடைத்துப் போகிறதா?

டில்லி என்ன செய்தது? 2016ஆம் ஆண்டு விதிகளில், மறுசுழற்சிக்கு ஆகாத பல்லடுக்கு உறைகளை இரண்டே ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்று எழுதிற்று. நன்று! இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில், 2018 மார்ச்சில், விதியைத் திருத்திற்று. எரித்து வெப்பம் எடுக்கலாம் என்றாலோ, வேறு எதற்கேனும் பயன்படும் என்றாலோ ஒழிக்கத் தேவையில்லை என்ற வாசல் திறக்கப்பட்டது. எரியாத பிளாஸ்டிக் எங்கேனும் உண்டா? சிமெண்டு ஆலை உலையைக் காட்டியே தப்பித்துக்கொள்ளலாம். 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசு விதித்த தடையிலே காது குடையும் குச்சி உண்டு, பலூன் குச்சி உண்டு, உறிஞ்சு குழல் உண்டு. ஷாம்பு பாக்கெட் இல்லை. உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று அதே ஆண்டில் வகுத்த நெறியும் சான்றிதழை விலைக்கு வாங்க இடம் தருகிறது. அந்தச் சான்றிதழ்களிலேயே லட்சக்கணக்கில் போலி என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில் 2023இல் வெளிப்பட்டது.

மாநில அரசின் கணக்கும் தூய்மையானதன்று. ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு 2018 ஆணையிலே விலக்கு இருந்தது. 2020 ஜூனில் அந்த விலக்கு நீக்கப்பட்டது. ஆணை மாறிற்று, தோரணம் இறங்கவில்லை. கட்சி பாராமல் இதைச் சொல்கிறோம்.

வழியிருக்கிறது என்பதற்கு நீலகிரியே சாட்சி. உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. மதுவைப் பற்றிய நம் கருத்து வேறு. ஆனால் காட்டில் உடைத்து எறியப்பட்டு யானையின் காலைக் கிழித்த புட்டி, பிறகு கடைக்குத் திரும்பி நடந்தது. குடிப்பவருக்கு வந்த பொறுப்பு கோடீசுவர நிறுவனங்களுக்கு வரலாகாதா?

இனி நம்மவருக்கு ஒரு வார்த்தை, கசப்பானது. நமது மாநாட்டுத் திடலை மறுநாள் காலையில் சென்று பார்த்ததுண்டா? தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கொடியும் காகிதக் கோப்பையும் கணுக்கால் அளவு கிடக்கும். 14 வகைத் தடைப் பொருள்களில் கொடியும் தண்ணீர்ப் பாக்கெட்டும் இருப்பதை மாவட்டச் செயலாளர்கள் அறிவார்களா? துணிக்கொடி போதும். பானையும் குவளையும் வைத்தால் தண்ணீர் இனிக்கவே செய்யும். தலைவர்களை வரவேற்கும் ஃபிளெக்ஸ் பலகையில் பாதியைக் குறைத்தால் தலைவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

திடலைத் துப்புரவாக்கிவிட்டு, நகராட்சி, மாநகராட்சி மன்றங்களில் நம் உறுப்பினர்கள் எழுந்து நிற்கட்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் திருப்பித் தரத்தக்க சிறு தொகை விதிக்க மாநில அரசைக் கேட்டுத் தீர்மானம் வரட்டும். காலி உறையை வாங்கிச் சேர்க்கும் பெட்டிக்கடைக்காரருக்கு நிறுவனமே கழிவுத்தொகை தரட்டும். எந்த நிறுவனம் எந்த ஊரில் எத்தனை எடை திரும்ப எடுத்தது என்பது மாதந்தோறும் நகராட்சி வாயிலில் எழுதி ஒட்டப்படட்டும். பூக்காரிகளிடம் பறித்த கவருக்குப் பதிலாக வாழையிலையும் மந்தாரை இலையும் மலிவாகக் கிடைக்கும் ஏற்பாட்டையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக் கேட்கலாம்.