அந்தக் கோட்டில் யார் பெயர்?

ஸ்கேன் எடுக்கும் முன் கர்ப்பிணி ஒரு படிவத்தில் கையெழுத்திடுகிறாள்: கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று. பெண் சிசுவைக் காக்கப் பெண்கள் இயக்கங்கள் போராடிப் பெற்ற 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிவம் அது. அந்தத் தடையை இம்மியும் தளர்த்தக் கூடாது. ஆனால் அதே படிவத்தில் இன்னொரு கோடும் இருக்கிறது: பரிசோதனை முடிவு யாரிடம், எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது? அந்தக் கோட்டைப் பற்றித்தான் என் சண்டை.

முகத்துவாரக்குப்பத்துப் பெண்களுக்கு நான் ஸ்கேனுக்குத் துணை போவதுண்டு. மீன் விற்கும் ஒருத்திக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் முதுகடியில் கட்டி தெரிந்தது. டாக்டர் கணவனைக் கூப்பிட்டுப் பேசினார். வயிற்றைச் சுமந்தவள் வெளியே பெஞ்சில், கையில் ஆங்கில ரிப்போர்ட்டோடு. வீட்டில் மாமியார் கேட்டார்: “கிரகணத்துல வெளிய போனியாடி?”

அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். வால் எலும்பு நுனியில் வளரும் இந்தக் கட்டிக்கு சாக்ரோகாக்சிஜியல் டெரடோமா என்று பெயர். ஏறக்குறைய 35,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று; பெண் குழந்தைகளுக்கே அதிகம். கருவின் ஆரம்பகாலச் செல்களிலிருந்து தோன்றுவது. கிரகணமும் பப்பாளியும் காரணமல்ல. பிறக்கும்போது பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. பிறந்ததும் வால் எலும்போடு சேர்த்து அகற்ற வேண்டும், பிறகும் கண்காணிக்க வேண்டும். கட்டி வேகமாக வளர்ந்து ரத்தத்தை இழுத்தால் கருவின் இதயம் திணறும், உடம்பில் நீர் கோக்கும், தாய்க்கும் ஆபத்து வரலாம். அதனால் அடிக்கடி ஸ்கேன் வேண்டும். குழந்தைகள் அறுவை மருத்துவர் உள்ள இடத்தில் பிரசவம் வேண்டும். கட்டி பெரிதானால் சிசேரியன். இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதாதா?

கடுமையான குறைபாடு என்றால் 24 வாரம் வரை கருவைக் கலைக்க 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. அதற்கு மேல் மருத்துவக் குழு முடிவு செய்யும். 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் விஷயம் தெரியாதவளுக்கு ஒவ்வொரு வாரமும் இழப்பு. பெறுவதா வேண்டாமா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். தெரியாமல் எதைத் தீர்மானிப்பாள்?

இந்தக் கருவியின் வரலாறும் எங்கள் எண்ணூரைப் போன்ற இடத்திலிருந்து வந்ததுதான். 1955இல் இயன் டொனால்ட் என்ற மருத்துவர், பெண்களிடமிருந்து அகற்றிய கட்டிகளை கிளாஸ்கோ அருகே ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியால் சோதித்தார். இரும்புத் தகட்டிடம் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை, முதலாளியிடம் சொன்னால் போதும். பெண் தகடா?

ரிப்போர்ட்டைத் தமிழில் கொடுங்கள். அடுத்து எந்த மருத்துவமனை, எந்த வாரத்துக்குள் என்று எழுதிக் கொடுங்கள். அவள் விரும்பினால் கணவனும் உடன் இருக்கட்டும். ஆனால் அந்தக் கோட்டில் முதலில் எழுத வேண்டியது அவள் பெயர்.